கடல் கடந்து கற்ற அண்ணல்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நாளில், மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். எப்பொருள் பற்றி எழுதுவது என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், நம்மிடம் பயின்று இளங்கலை வரலாறு முடித்த மாணவர் ஒருவர் தம் தந்தையாருடன் நம்மைக் காண வந்தார். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை வரலாறு பயில அவருக்கு இடம் கிடைத்திருந்தது. தந்தையார் நம்மிடம் கேட்டவை இரண்டே வினாக்கள். "வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா ஐயா? அவ்வளவு தொலைவில் இவன் யார் வீட்டில் தங்குவான்?"

இரண்டும் நியாயமான வினாக்களே. நாள் முழுதும் வயலில் நின்று பிள்ளையைப் படிக்க வைத்த ஒருவர் வேறு எதைக் கேட்பார்? இவ்வினாக்களுக்கு நம் சொந்த அறிவைக் கொண்டு விடை கூறுவதைவிட, நூறாண்டுகளுக்கு முன்னர் இவற்றைத் தம் வாழ்வில் எதிர்கொண்ட ஒருவரின் வரலாற்றைக் கூறுவதே தக்கது என்று தோன்றிற்று. அவர் அண்ணல் அம்பேத்கர். அவர் இயற்றிய சட்டத்தை நாம் அறிவோம். அவர் நடத்திய போராட்டங்களையும் அறிவோம். அவர் ஒரு மாணவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறியாத ஊரில் சென்று இறங்கிய கதையை நம் இளைஞர்கள் போதிய அளவு அறிந்திலர்.

புறப்படுமுன்

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பிறந்த பீமராவ், படைத்துறையில் சுபேதாராக இருந்த இராம்ஜியின் மகன். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1907இல் மெட்ரிக்குலேசன் தேறினார். பள்ளியில் வடமொழி கற்க விரும்பினார், தீண்டப்படாதவர் என்பதால் அப்பாடம் மறுக்கப்பட்டது, பாரசீகம் கற்றார். பின்னாளில் வடமொழியைத் தம் முயற்சியாலேயே கற்று, அம்மொழி நூல்களையே சான்றாகக் காட்டி வாதிட்டார். மூடப்பட்ட கதவின் முன் அவர் அழுது நிற்கவில்லை; பக்கத்தில் திறந்திருந்த கதவின் வழியே உள்ளே சென்று, பின்னர் அம்மூடிய கதவையும் திறந்தார் என்பதை நாம் கருத வேண்டும்.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளிக்க, எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையார் காலமானார். குடும்பம் தளர்ந்திருந்த அந்நிலையிலேயே, அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்கும் வாய்ப்பு வந்தது. மாதம் 11½ பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை. படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை. 1913 ஜூன் மாதத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஜூலையில் நியூயார்க் நகரில் இருந்தார்.

புது ஊரில்

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. முதலில் ஹார்ட்லி விடுதியில் தங்கினார். பின்னர் வேறோர் இடத்துக்கு மாறினார். இறுதியாக லிவிங்ஸ்டன் விடுதியில் நிலையாகத் தங்கினார். புது ஊரில் முதல் இடமே பொருந்திவிடுவது அரிது. இரண்டு மூன்று இடம் மாறிய பின்னரே கால் ஊன்றும். இதனை நம் மாணவர்கள் தோல்வி என்று எண்ணிப் பெட்டியைக் கட்டிவிடுதல் கூடாது.

லிவிங்ஸ்டன் விடுதியில் அவருடன் தங்கியவர் நவல் பதேனா என்னும் பார்சி இளைஞர். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. 11½ பவுனில் ஒரு பகுதியைப் பம்பாயில் இருந்த மனைவி இரமாபாய்க்கு அனுப்ப வேண்டும். எஞ்சியதில் உணவு, உடை, நூல். ஆதலால் அவர் உணவைக் குறைத்தார், நூலைக் குறைக்கவில்லை. பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி ஏறத்தாழ 2,000 நூல்கள் சேர்த்தார். அவற்றை ஊருக்கு அனுப்ப நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். பல நூல்கள் வந்து சேரவே இல்லை.

அவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் பட்டியல் நம்மை வியக்க வைக்கிறது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, இவற்றோடு பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தொடக்கப் பாடங்கள். பொருளியலே அவருக்கு முதன்மைப் பாடம் எனினும், மனிதனைப் பற்றிய கலைப்பாடங்கள் எதனையும் அவர் விட்டுவைக்கவில்லை. செலிக்மன் பொருளியல் கற்பித்தார். ஜான் டூயி தத்துவம் கற்பித்தார். ஷாட்வெல்லும் ஜேம்ஸ் ஹார்வி இராபின்சனும் வரலாறு கற்பித்தனர். தம் வாழ்வின் மிகச் சிறந்த நண்பர்கள் கொலம்பியாவின் உடன்மாணவர்களும் இப்பேராசிரியர்களுமே என்று அண்ணல் 1930இல் நினைவுகூர்ந்தார். பொருளியலும் வரலாறும் கற்ற அந்த இடத்தில்தான், உடன் அமர்ந்து உண்ணும் நட்பையும் அவர் கற்றார்.

1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டு மே 9ஆம் நாள், பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, எவ்வாறு பரவின என்பதே பொருள். தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கமே சாதியின் உயிர்நிலை என்று அவர் நிறுவினார். அக்கட்டுரை 1917இல் அச்சேறியது. சாதியைப் பற்றி அதுகாறும் பிறர் எழுதினர். சாதியால் ஒடுக்கப்பட்டவர்களைப் பிறர் அளந்தனர், எண்ணினர், வகைப்படுத்தினர். அன்று ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த இருபத்தைந்து வயது மாணவர் எழுந்து நின்று, சாதியையே ஆராய்ச்சி மேசையின்மீது வைத்தார். வரலாறு படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதனினும் மேலான விடை நமக்குத் தெரியவில்லை.

பரோடாவில் பதினொரு நாள்

1916இல் இலண்டன் சென்று பொருளியல் பள்ளியிலும், வழக்கறிஞர் படிப்புக்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917 ஆகஸ்டில் தாயகம் திரும்ப நேர்ந்தது. உலகப் போர்க் காலம். அவருடைய உடைமைகளை ஏற்றிய கப்பல் எதிரி நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடர இலண்டன் பல்கலைக்கழகம் அளித்த அனுமதி மட்டும் கையில் இருந்தது.

ஒப்பந்தப்படி பரோடா சென்றார். தொடர்வண்டி நிலையத்தில் அவரை எதிர்கொள்ள ஒருவரும் வரவில்லை. ஐந்தாண்டு அயல்நாட்டு வாழ்க்கை தாம் தீண்டப்படாதவர் என்னும் நினைவையே துடைத்துவிட்டிருந்தது என்றும், அந்நிலையத்தில் எங்குச் செல்வது என்னும் வினா எழுந்தபோது அந்நினைவு திரும்பியது என்றும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இந்து விடுதிகளில் இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் மாடியில் தங்கினார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் கையில் தராமல் மேசைமீது எறிந்தனர். பதினொராம் நாள் காலை, தடியேந்திய பார்சியர் பன்னிருவர் மாடியேறி வந்து, மாலைக்குள் வெளியேற வேண்டும் என்றனர். இந்து நண்பர் ஒருவரை அணுகினார். வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். கிறித்தவ நண்பர் ஒருவரை அணுகினார். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார் அவர். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்ற அறிஞர், இரவு வண்டிக்கு நேரம் ஆகும்வரை பூங்காவில் அமர்ந்திருந்து பம்பாய்க்குத் திரும்பினார்.

நியூயார்க்கில் அறையைப் பகிர்ந்துகொண்டவர் ஒரு பார்சி. பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சியர். ஆகவே குறை ஒரு மதத்தாரிடம் மட்டும் இருந்தது என்று கூறுதல் பொருந்தாது. சாதி இந்நாட்டு மண்ணில் யாவரையும் பற்றிக்கொண்டிருந்தது என்பதே உண்மை.

இதனை எழுதும்போது நம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. பட்டப்படிப்புக்காக நாம் நகரத்துக்குச் சென்று அறை தேடினோம். வீட்டுக்காரர் முதலில் வாடகையைச் சொன்னார். பிறகு நம் ஊரைக் கேட்டார். பிறகு ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். மறுநாள் முன்பணத்துடன் சென்றபோது, அறை வேறொருவருக்குப் பேசப்பட்டுவிட்டது என்றார். அவ்வாண்டு முழுவதும் அவ்வறை பூட்டியே கிடந்தது. நாம் நாள்தோறும் அத்தெரு வழியாகவே கல்லூரிக்குச் சென்றோம். பரோடாப் பூங்காவைப் பற்றி அப்போது நாம் படித்திருந்தால், நாம் தனியர் அல்லர் என்னும் ஆறுதலாவது கிட்டியிருக்கும்.

மீண்டும் இலண்டன்

அண்ணல் அத்துடன் ஓய்ந்தாரில்லை. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். 1920 ஜூலையில் மீண்டும் இலண்டன் புறப்பட்டார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். பழைய அறைத்தோழர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். புது ஊரில் சம்பாதித்த ஒரு நட்பு ஏழாண்டுகளுக்குப் பின்னரும் கைகொடுத்தது.

இலண்டனில் அரைவயிற்று உணவுடன், அருங்காட்சியக நூலகம் திறக்கும் வேளையில் நுழைந்து மூடும் வேளையில் வெளியேறினார். 1921இல் எம்.எஸ்சி.; 1923இல் டி.எஸ்சி.; இடையில் வழக்கறிஞர் தகுதியும் பெற்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவர் ஆய்வு 1923 இறுதியில் நூலாயிற்று. கொலம்பியாவின் பிஎச்.டி. பட்டம் 1927இல் முறைப்படி வழங்கப்பட்டது. 1913இல் தொடங்கிய படிப்புக்கு ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள்! இடையில் பணம் நின்றது, போர் வந்தது, உடைமை கடலில் மூழ்கியது, வேலை போயிற்று. படிப்பு மட்டும் நிற்கவில்லை. அவர் 1921-22இல் தங்கிய இலண்டன் கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் இல்லத்தை மராட்டிய அரசு 2015இல் விலைக்கு வாங்கி நினைவிடமாக்கியது.

தாம் ஏறிய ஏணியை அவர் பின்வருவோர்க்கும் வைத்தார். வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது அவர் வலியுறுத்தியதன் பயனாக, மெட்ரிக்குக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை 1944இல் ஆதி திராவிட மாணவர்க்கும் பிற பட்டியல் சாதி மாணவர்க்கும் கிடைக்கலாயிற்று. நாமும் அத்தொகையில் படித்தவரே. வெளிநாட்டுப் படிப்புக்கான நடுவண் அரசின் உதவித்தொகை 1954-55இல் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் வெளியான அதன் திருத்திய விதிகளிலோ, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களுக்கு அத்தொகை இல்லை என்று எழுதப்பட்டது. அவ்விதி 1913இல் பரோடாவில் இருந்திருப்பின், சாதிகள் பற்றிய அக்கட்டுரை எந்தப் பணத்தில் எழுதப்பட்டிருக்கும்? நம் பிள்ளைகள் பொறியாளராகட்டும், மருத்துவராகட்டும், மகிழ்ச்சியே. எனினும் நம் வரலாற்றை நாம் எழுதாவிடில் பிறரே எழுதுவர். அவர்கள் எழுதியதை நாம் பாடமாக ஒப்புவித்துக்கொண்டிருப்போம்.

இளைஞர்க்கும் சங்கத்தார்க்கும்

மேற்படிப்புக்குச் செல்ல விரும்பும் இளைஞர்களே! விண்ணப்பம் எழுதும் நாளில் தொடங்குவதன்று ஆயத்தம். இரண்டாண்டுகள் முன்னரே தொடங்குங்கள். ஆங்கிலத்தை அஞ்சாமல் கற்றுக்கொள்ளுங்கள். மற்றொரு மொழியும் கற்றால் நன்று. மாவட்ட நூலகத்தில் உறுப்பினராகுங்கள். உங்கள் ஊரைப் பற்றியே பத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். அதுவே உங்கள் முதல் ஆராய்ச்சி. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கடைசி நாளில் கிடைப்பவை அல்ல. சென்ற ஊரில் முதல் மாதம் கண் கலங்கும்; இரண்டாம் மாதம் ஒரு நண்பர் கிடைப்பார்; அந்த இரண்டாம் மாதம்வரை பொறுத்திருங்கள்.

சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கத்தின் உதவியால் படித்தவர்கள் இன்று பல ஊர்களில் பணிபுரிகின்றனர். அவர்தம் பெயரும் ஊரும் தொலைபேசி எண்ணும் குறித்த ஏடு ஒன்றைச் சங்கம் வைத்திருத்தல் வேண்டும். புதிதாகச் செல்லும் பிள்ளைக்கு முதல் பத்து நாள் தங்க ஓர் இடம் தருவோம் என்று அவர்கள் உறுதி கூற வேண்டும். உதவித்தொகையை அரசிடம் கேட்டுப் பெறலாம். இதை நாமே செய்தாக வேண்டும்.

நம்மைக் காண வந்த தந்தையாரிடம் இவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "பூங்காவில் உட்கார்ந்திருந்தாரா?" என்று மட்டும் கேட்டார். மறு வாரம் பயணச்சீட்டு எடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். மாணவர் புறப்பட்டுச் சென்றார். அவ்வூர்த் தொடர்வண்டி நிலையத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு அவர் இறங்கியபோது, நம் சங்கத்தில் படித்து அங்குப் பணிபுரியும் ஒருவர் அவர் பெயரைத் தாளில் எழுதிப் பிடித்துக்கொண்டு நடைமேடையில் நின்றிருந்தார்.