வாசலை நோக்கிய நடை: தென்சென்னைப் புறநகரில் கல்வித் தொண்டின் வரலாறு (1894–2021)

முன்னுரை

அடையாற்றிலிருந்து தாம்பரம் வரை பரந்த பகுதியில், ஏழைப் பிள்ளைகளைத் தேடி ஆசிரியர்கள் போன வரலாறு நூறாண்டுக்கும் மேற்பட்டது. ஆசிரியருக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் இடையிலான தொலைவு இக்காலத்தில் படிப்படியாகக் குறைந்தது. வெளியாளாக வந்த தொண்டர் அண்டை வீட்டுக்காரராக ஆனதே இதில் நேர்ந்த அடிப்படை மாற்றம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

1. சேரிக்கு அருகே வந்த பள்ளி

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். நிலம் வழங்கும் ஆணை 1892இலும், 'பஞ்சமர்' என அப்போது அழைக்கப்பட்ட தாழ்த்தப்பட்டோரின் கல்விக்கான ஆணை 1893இலும் வந்தன. ஊர்ப் பள்ளியின் வாசல் மட்டும் சேரிப் பிள்ளைகளுக்கு எளிதில் திறக்கவில்லை. இந்தச் சூழலில்தான் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் இலவசப் பள்ளி தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. பிள்ளையின் கூலியையும் நம்பி உலை வைத்த குடும்பங்களுக்குப் பள்ளி பக்கத்தில் இருப்பதே பெரிய உதவி. ஆயினும் பள்ளியை நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களே.

2. வளாகத்திலிருந்து கிராமத்துக்கு

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. காட்டுப்பகுதியில் அமைந்த அந்த வளாகத்தின் அண்டையில் சேலையூர், இரும்புலியூர் போன்ற ஊர்கள் இருந்தன. கல்லூரியின் ரூரல் சர்வீஸ் லீக் என்ற கிராமத் தொண்டு அமைப்பு மாணவர்களைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றது. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியபோது இத்தகைய பணி நாடெங்கும் கல்லூரி வாழ்வில் இடம்பெற்றது. இந்த மாணவர்கள் தெருவுக்குள் நடந்தார்கள், மக்களோடு பழகினார்கள். ஆனால் படிப்பு முடிந்ததும் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். பழகிய முகம் மறைந்தால் பிள்ளைக்கு மீண்டும் முதலிலிருந்துதான்.

3. திண்ணையில் அறிவொளி

வயது வந்தோருக்கு எழுத்தறிவு புகட்டிய 1990களின் அறிவொளி இயக்கம் இந்தக் குறையை வேறு வகையில் தீர்த்தது. 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் அதில் முன்னின்றனர். எழுத்தறிந்த உள்ளூர் இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், ஊதியம் பெறாமல் அண்டை அயலாருக்குக் கற்பித்தார்கள். வேலை முடிந்து பெண்கள் திரும்பும் நேரமே வகுப்பு நேரமாயிற்று. கற்பவரின் வாழ்க்கைக்கேற்பப் பள்ளி தன்னை மாற்றிக்கொண்டது இங்கேதான்.

4. மறுகுடியமர்வும் இல்லம் தேடிக் கல்வியும்

2000இல் கண்ணகி நகரும், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரியும், அடுத்த பத்தாண்டில் பெரும்பாக்கமும் மறுகுடியமர்வுப் பகுதிகளாக வளர்ந்தன. நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பழைய பள்ளியையும் பழைய பிழைப்பையும் ஒருசேர இழந்தன. பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகள் பலர். தாய் வீட்டு வேலை முடித்துத் திரும்பும்வரை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமி ஏன் வகுப்புக்கு வரவில்லை என்பதை வருகைப் பதிவேடு சொல்லாது. அதை அறிய அவள் வீட்டு வாசல்வரை போக வேண்டும்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. 1 முதல் 8 வரையிலான வகுப்பினருக்கு அந்தந்தக் குடியிருப்பிலேயே மாலை வகுப்பு நடந்தது. தன்னார்வலருக்கு மாத ஊக்கத்தொகையாக 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கிராமப்புறத் தமிழ்நாட்டை ஆராய்ந்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈடாகியது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கண்டனர்.

முடிவுரை

ஆல்காட் பள்ளியைச் சேரிக்கு அருகில் கொண்டுவந்தார். கல்லூரி மாணவர் தெருவுக்குள் நடந்தார். அறிவொளித் தொண்டர் திண்ணையில் அமர்ந்தார். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் அதே தெருவில் குடியிருப்பவர். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். வகுப்பாசிரியர் அவரை மாதம் ஒருமுறையேனும் அழைத்துப் பேசும் ஏற்பாடு வேண்டும். வாசலில் அறிந்தது வகுப்பறையை எட்டினால்தான் இந்த நூறாண்டு நடை அந்தப் பிள்ளைக்குப் பயன்படும்.