ஆறடிக்கு ஓர் அங்குலம்

விமானம் முதலில் வந்தது, அதைப் பார்த்துத்தான் குட்டி விமானங்களைச் செய்தார்கள் என்றுதான் எவரும் நினைப்போம். நடந்தது நேர்மாறு. 1871 ஆகஸ்டில் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பரால் இயங்கும் சின்னஞ்சிறு மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டார். சுமார் 40 மீட்டர் பறந்து அது தரை தொட்டது. மனிதனைச் சுமக்கும் எந்திர விமானம் வர இன்னும் 32 ஆண்டுகள் இருந்தன. பெனோவின் வடிவமைப்பைப் பின்பற்றிச் செய்த ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றை 1878-ல் அமெரிக்காவில் பிஷப் மில்டன் ரைட் தன் பிள்ளைகளுக்கு வாங்கிவந்தார். மூங்கிலும் காகிதமும் தக்கையும் ரப்பரும் சேர்ந்த பொம்மை. வில்பருக்கு அப்போது 11 வயது, ஆர்விலுக்கு 7. அது உடைந்ததும் பையன்கள் தாங்களே இன்னொன்று செய்துகொண்டார்கள். பறப்பதில் தங்களுக்கு வந்த ஆர்வம் எங்கே தொடங்கியது என்பதற்குப் பின்னாளில் ரைட் சகோதரர்கள் இந்தப் பொம்மையைத்தான் சொன்னார்கள்.

அந்த ஆர்வம் மெட்ராஸுக்கு வந்துசேர அதிக காலம் ஆகவில்லை. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ், குதிரை வண்டிகள் கட்டிப் பேர்பெற்ற சிம்ப்சன் நிறுவனத்தில் சொல்லி ஒரு விமானத்தைச் செய்யவைத்து 1910-லேயே பறக்கவிட்டார். விமானம் என்பது அன்றைக்கு மரமும் துணியும்தான். சாரட்டு கட்டிய கைகளுக்கு அது அந்நியமான வேலையே இல்லை.

பறக்காமல் மேசைமேல் நிற்கும் மாதிரி, அதுவும் அச்சு அசலாக, எல்லாமே ஒரே விகிதத்தில் சிறுத்த மாதிரி, பொழுதுபோக்காகப் பரவியது 1932-க்குப் பிறகு. லண்டனில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் வடிவமைத்த 'ஸ்கைபேர்ட்ஸ்' மர மாதிரிகள் அந்த ஆண்டில் விற்பனைக்கு வந்தன. அவர் தேர்ந்தெடுத்த அளவு 72-ல் ஒரு பங்கு. அடியும் அங்குலமும் புழங்கிய நாட்டில் இது மிக வசதியான கணக்கு: ஆறடி என்பது ஓர் அங்குலம். ஆறடி ஆள் ஓர் அங்குலப் பொம்மையாகிவிடுவார். நான்காண்டுகள் கழித்து, பறக்கும் மாதிரிகளைச் செய்துவந்த 'ஃப்ராக்' நிறுவனம் அதே அளவில் செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக்கில் பறக்காத வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த வரிசைக்கு 'பெங்குவின்' என்று பெயர். பறக்க முடியாத பறவை! மாதிரி விமானங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாரும் வைத்ததில்லை என்பேன்.

இரண்டாம் உலகப்போர் வந்தது; விளையாட்டுச் சாமான் போர்த் தளவாடமாயிற்று. வானத்தில் தெரியும் புள்ளி நம் விமானமா எதிரி விமானமா என்று சில நொடிகளில் சொல்லத் தெரியாத பீரங்கிக்காரர், சொந்த விமானத்தையே சுட்டு வீழ்த்திவிடுவார். ஆகவே 1942-ல் அமெரிக்கக் கடற்படை நாட்டின் பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் கேட்டது. வரைபடங்கள் பள்ளிகளுக்குப் போயின. பிள்ளைகள் மரத்தைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முழுக்கக் கறுப்பு வர்ணம் அடித்து அனுப்பினார்கள். கறுப்பு ஏனென்றால், பயிற்சி பெறுபவர் நிறத்தை நம்பாமல் உருவரையை மட்டும் பார்த்துப் பழக வேண்டும். இங்கேயும் அதே 72-ல் ஒரு பங்குதான். மாதிரியை 73 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், உண்மையான விமானத்தை ஒரு மைல் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். லண்டன் பொழுதுபோக்குக்காரர் ஒருவர் வசதிக்காக எடுத்த அளவு, கடல் கடந்து வகுப்பறைத் தச்சுமேசைகளில் போர்க்கால அளவுகோலாக நின்றது.

இந்தக் கதையில் அடுத்து வருவது சீப்பு. நிக்கோலஸ் கோவ் ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தவர். 1939-ல் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். வணிக முகவரிப் பட்டியலில் தன் நிறுவனம் முன்வரிசையில் வரவேண்டும் என்று அதற்கு 'ஏர்ஃபிக்ஸ்' என்று பெயர் வைத்தார். விமானம் அவர் எண்ணத்திலேயே இல்லை. போருக்குப் பின் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் அழுத்தும் எந்திரம் ஒன்றை வாங்கி, சீப்பாக வார்த்துத் தள்ளினார். 1949-ல் ஃபெர்குசன் டிராக்டர் நிறுவனம் தன் விற்பனையாளர்கள் கையில் கொடுத்தனுப்ப ஒரு குட்டி டிராக்டர் கேட்டது. அச்சு செய்தாயிற்று. ஆனால் உறுப்புகளைத் தொழிற்சாலையிலேயே ஒட்டிப் பூட்டுவது பெரிய வேலையாக இருந்தது. அப்படியே பிரித்த நிலையில் பெட்டியில் போட்டு விற்றால் என்ன? வாங்குபவரே ஒட்டிக்கொள்ளட்டுமே! தொழிற்சாலைக்குத் தலைவலியாக இருந்த வேலை, வீட்டில் பிள்ளைகளுக்கு விளையாட்டானது. 1952-ல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பல், சாதாரண பாலித்தீன் பையில், இரண்டு ஷில்லிங்குக்கு வுல்வொர்த் கடைகளில் தொங்கியது.

சில ஆண்டுகளில் அதே பையில் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் வந்தது. ஒரு சாண்கூட இல்லாத சிறககலம். அது சொந்தச் சரக்கும் இல்லை. அமெரிக்காவின் 'அரோரா' நிறுவனம் வெளியிட்ட ஸ்பிட்ஃபயரை வைத்துச் சிறிதாக்கிய நகல். அரோராவாவது யோக்கியமா என்றால், அதன் முதல் விமானங்களே சிகாகோவின் 'ஹாக்' நிறுவனத்து மாதிரிகளைப் பார்த்து அச்செடுத்தவை. ஹாக்கைப் பார்த்து அரோரா, அரோராவைப் பார்த்து ஏர்ஃபிக்ஸ். அச்சு வெட்டுவது பெருஞ்செலவு, அளவெடுப்பது பெரும்பாடு. அடுத்தவர் எடுத்த அளவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மனம் சபலப்படத்தான் செய்யும். பிழை இருந்தால் அதுவும் சேர்ந்தே பயணப்பட்டது. இன்றைக்கும் நல்ல கலைஞர்கள் பெட்டியில் உள்ளதை அப்படியே நம்பாமல், நிஜ விமானத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறார்கள்.

ஜப்பானில் இந்தத் தொழில் குவிந்த ஊர் ஷிசுவோக்கா. மலையடிவாரத்தில் செங்கென் ஆலயத்தைக் கட்ட நாடெங்கிலுமிருந்து வந்த தச்சர்களும் அரக்குப் பூச்சுக்காரர்களும் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது அவ்வூர் சொல்லும் வரலாறு. கோயில் வேலை முடிந்தபின் அந்தக் கைகள் மரச்சாமான்களுக்கும் பொம்மைகளுக்கும் திரும்பின. 1946-ல் மர அறுப்பு ஆலையாகத் தொடங்கிய தமியா 1951-ல் தீ விபத்தில் தன் மரக்கையிருப்பை இழந்து மர மாதிரிகளுக்கு மாறியது. 1960-ல் பிளாஸ்டிக்குக்கு வந்தது. அது வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் கப்பல் மலிவான போட்டிச் சரக்கால் அடிபட்டது. ஆனாலும் நிறுவனம் எழுந்து நின்றது. துல்லியத்துக்கு இன்று உலகம் அதைத்தான் உதாரணம் காட்டுகிறது. கோயில் திருப்பணி ஓர் ஊரின் கைத்திறனை எப்படி வளர்க்கும் என்று கோயில் ஊரான நம் திருத்தணியில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

திருத்தணிக்கும் இந்தக் கதைக்கும் நேரடியான தொடுப்பு ஒன்று உண்டு. தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் அரக்கோணம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய அங்குள்ள விமானத்தளம் 1992 மார்ச்சில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளியாக மறுபிறவி எடுத்தது. அங்கே வந்து தங்கியவை, இந்தியா 1988-ல் சோவியத்திடமிருந்து வாங்கிய எட்டு டூபலெவ் டியு-142 விமானங்கள். நீர்மூழ்கிகளைத் தேடும் வேலை. 50 மீட்டர் சிறகு, நான்கு எஞ்சின். ஒவ்வொரு எஞ்சினிலும் முன்னும் பின்னுமாக இரண்டு சுழலிகள், ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். அந்த உறுமலைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். 2017 மார்ச் 29 அன்று அவை ஓய்வுபெற்றன. போயிங் பி-8ஐ விமானங்கள் இப்போது அந்த வேலையைச் செய்கின்றன.

டியு-142-ஐ 72-ல் ஒரு பங்காக வார்த்துத் தருவது சீனாவின் குவாங்டோங் மாகாணத்து 'டிரம்பீட்டர்'. மேசையில் அதன் சிறகு 69 சென்டிமீட்டர் நீளும். கட்ட உட்காருபவருக்கு முதல் சோதனை சுழலிகள். எஞ்சினுக்கு எட்டு இலைகள் வீதம் மொத்தம் 32. முன் இலைக்கும் பின் இலைக்கும் முறுக்கு எதிரெதிர். உறுப்புகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிக் குவித்துவிட்டால் எது எந்தப் பக்கம் என்று விழிக்கவேண்டியதுதான். அடுத்தது வர்ணம். டப்பாவிலிருக்கும் கறுப்பை அப்படியே அடித்தால் சின்ன உருவத்தில் அது கரிக்கட்டியாகத் தெரியும். தூரத்துப் பொருளைக் காற்று வெளுப்பாக்கிக் காட்டுவதால், கொஞ்சம் சாம்பல் கலந்த கறுப்பே கண்ணுக்கு நிஜமாகப் படும். மெல்லிய பூச்சாக அடித்து, நன்றாகக் காயவிட்டு, மேலே இன்னொன்று. மழைக்காலத்தில் எனாமல் வர்ணம் காய எடுத்துக்கொள்ளும் நேரம் எவரையும் பொறுமைசாலியாக்கிவிடும்.

கடைசிச் சிக்கல்தான் பெரிது. டிரம்பீட்டர் பெட்டியில் இருப்பது சோவியத் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பிய வகை. அரக்கோணத்தில் இருந்தது நீர்மூழ்கிகளைத் தேடிய வகை. வயிற்றிலும் வாலிலும் கருவிகள் வேறு. இந்திய விமானத்தைச் செய்ய விரும்புபவர் அவற்றைத் தானே செதுக்கிச் சேர்க்கவேண்டும். எழுத்துகள் எங்கே இருந்தன, சாம்பல் நிறம் எந்த ஆண்டில் எப்படி வெளுத்திருந்தது என்பதற்குப் புகைப்படத்தைத் தவிர வேறு வழி இல்லை. விசாகப்பட்டினத்தில் ஒரு டியு-142 அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆனால் புதுவர்ணம் அடித்து நிறுத்திய விமானம், பறந்த நாளின் அழுக்கையும் புகைக்கறையையும் காட்டாது.

ராஜாளியில் வேலை செய்தவர்கள், பொதுமக்கள் பார்வை நாட்களில் படம் எடுத்தவர்கள் திருத்தணி, அரக்கோணம் வட்டாரத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். உங்கள் ஆல்பத்தில் அந்த விமானம் இருந்தால், படத்தின் பின்புறம் ஆண்டையும் இடத்தையும் எழுதிவையுங்கள். விமானம் கட்டும் பிள்ளை யாராவது கேட்டுவந்தால் ஒரு பிரதி கொடுங்கள்.