நேட்டால் தமிழர் பூர்வீகத் தேடல்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள், தங்கள் முன்னோரின் சொந்த ஊரைப் பழைய ஆவணங்களின் துணையோடு கண்டறியும் முயற்சி இது. கப்பல் பட்டியல்களும் குடும்பப் பெயர்களும் இதற்கு முதன்மைத் தடயங்கள்.

பின்னணி

கரும்புத் தோட்டம், ரயில் பாதை, நிலக்கரிச் சுரங்க வேலைகளுக்காக 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற முதல் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர். ஒப்பந்தம் முடிந்தபின் பெரும்பாலோர் அங்கேயே தங்கினர். ஊரோடு தொடர்பு அறுந்து, இரண்டு மூன்று தலைமுறைகளில் ஊரின் பெயரே பல குடும்பங்களில் மறந்துபோயிற்று.

கப்பல் பட்டியல்

வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஒரு குடியேற்ற எண் தரப்பட்டது. எண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவை எழுதப்பட்டன. இடது முழங்காலில் தழும்பு, கன்னத்தில் மச்சம் என அங்க அடையாளமும் பதிவாயிற்று. இப்பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வரலாற்றாசிரியர் ஜாய் பிரெயின் இவற்றைக் கணினித் தரவாகத் தொகுத்தது தேடலை எளிதாக்கியது. சொந்தச் செலவில் வந்த வணிகர்களின் பெயர்கள் இவற்றில் இடம்பெறவில்லை.

குடும்பப் பெயர்கள்

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினர். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார். முதலியார் ‘மூட்லி’ ஆனார். முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். தந்தை பெயரையே குடும்பப் பெயராகப் பதியும் வழக்கமும் இருந்ததால், ஒரே கொடிவழியில் வந்தவர்கள் வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு இருப்பதுண்டு. கடல் கடந்தபின் வேறு சாதிப் பட்டத்தைச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே குடும்பப் பெயரை மட்டும் வைத்து ஊரையோ சாதியையோ முடிவுசெய்வது தவறு.

தேடும் முறை

முதலில் பாட்டன், பூட்டனின் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றுகளில் குடியேற்ற எண்ணைத் தேட வேண்டும். ஒரே கப்பலில் முனுசாமிகள் பலர் இருக்கலாம். எண் ஒருவருக்கு மட்டுமே உரியது. அந்த எண்ணைக் கொண்டு கப்பல் பட்டியலில் கிராமத்தைக் கண்டறியலாம். கப்பலிலோ தோட்டத்திலோ சந்தித்து மணந்த இணைகள் பலர் என்பதால், தாய்வழியின் ஊரைத் தனியே தேடுவது அவசியம்.

அடுத்த சிக்கல் நிர்வாக எல்லைகள். பட்டியலில் ‘வடஆற்காடு’ என்றிருக்கும் ஊர், இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களுள் ஒன்றில் இருக்கலாம். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்ததால் ஆந்திரத்திலும் இருக்கலாம். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் தாலுகா பெயர் இன்றியமையாதது. ஊர் தெரிந்தபின் குலதெய்வக் கோயில், பழைய நிலப் பதிவுகள், ஊர்ப் பெரியவர்களின் நினைவு ஆகியவற்றைக் கொண்டு உறவை உறுதிசெய்யலாம்.

பயன்

இந்தியாவின் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிப்போர், வம்சாவளிச் சான்றாகக் கப்பல் பட்டியலின் நகலைப் பயன்படுத்துகின்றனர். அதைவிடப் பெரிய பயன், எண்ணாக மட்டும் நடத்தப்பட்ட மனிதர்களுக்கு அவர்களுடைய ஊரும் பெற்றோரும் திரும்பக் கிடைப்பதே. வீட்டில் பழைய சான்றிதழ் வைத்திருப்போர், காகிதம் நைந்துபோகுமுன் அதைப் படியெடுத்து வைப்பதும், மூத்தோர் சொல்லும் பெயர்களை எழுதிவைப்பதும் இத்தேடலின் முதல் கடமை.