பொட்டுக்கட்டுதல்

கோயிலில் இறைவன் பெயரால் ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டி, அவளைக் கோயிற்பணிக்கு நேர்ந்துவிடும் சடங்கு பொட்டுக்கட்டுதல். பெரும்பாலும் பூப்பெய்தும் முன்பே சிறுமியர்க்கு இது நடந்தது. இவ்வாறு பொட்டுக்கட்டப்பட்ட பெண்கள் தேவதாசிகள் எனப்பட்டனர்.

இல்லறப் பெண்ணின் மங்கலம் கணவனின் ஆயுளைப் பொறுத்தது. அன்று அவன் இறந்தால் பூவும் பொட்டும் தாலியும் போயின. பிராமணக் குடும்பங்களில் தலைமுடியும் போயிற்று. தேவதாசியின் கணவனான இறைவனுக்கோ சாவில்லை. ஆகவே அவள் நித்திய சுமங்கலி. சுவாமிக்குக் கண்ணேறு கழிக்கக் கும்ப ஆரத்தி எடுப்பது அவள் உரிமையாக இருந்தது. வசதியான வீட்டுக் கல்யாணங்களில் தாலிச்சரட்டில் மணி கோத்துத் தரவும் அவளை அழைத்தார்கள். ஆனால், அந்த வீட்டுப் பெண்கள் அவளைப்போல் சபையில் ஆடிவிடக் கூடாது!

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலை அடுத்த தெருக்களில் 400 கோயிற்பெண்களை (தளிச்சேரிப் பெண்டுகள்) குடியமர்த்தினான். ஒவ்வொருத்தியின் பெயர், முன்பு இருந்த கோயில், தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்வெட்டு சொல்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். பொட்டுக்கட்டியதாக அதில் பேச்சில்லை. பிற்கால வழக்கத்தைச் சோழர் காலத்தின்மேல் ஏற்றிச் சொல்வது பிழை.

தேவதாசிக் குடும்பங்களில் சொத்து பெண்வழியே இறங்கியது. பெண் குழந்தையைத் தத்தெடுக்கவும் வழக்கம் இடம் தந்தது. எழுத்தும் இசையும் கற்றவர்கள் அவர்கள். எனினும், பொட்டுக்கட்டும் வயதில் சிறுமியின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. வளர்ந்தபின் அவள் செல்வரின் ஆதரவை நம்பியே வாழ நேர்ந்தது. மங்கலம் தெய்வத்தால் வந்தது; சோறு பெரும்பாலும் மிராசுதாரால் வந்தது.

தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டுதலைச் சட்டத்தால் ஒழிக்கச் சென்னைச் சட்டமன்றத்தில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதற்காக ஊர் ஊராகப் பேசினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிகள் அந்தச் சட்ட முயற்சியை எதிர்த்தனர். நிலமும் கலையும் கைநழுவும் என்ற அவர்கள் அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. 1929-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியக் கட்டிலிருந்து விடுவித்தது. 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுதலைக் குற்றமாக்கியது. ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண் செய்துகொள்ளும் திருமணமும் செல்லும் என்றது.