ஈயத்தில் வார்த்த செரோக்கி எழுத்து

1827ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்து வார்ப்புச்சாலை ஒன்றில் புதுவகை ஈய எழுத்துகள் உருவாயின. அவை அமெரிக்கப் பூர்வகுடி மொழியான செரோக்கியின் முதல் அச்செழுத்துகள்.

செரோக்கி எழுத்துமுறையை ஆக்கியவர் செக்வோயா. வெள்ளி வேலை செய்பவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். வெள்ளையர் தாளில் கோடிட்டுச் சேதி சொல்வதைப் பார்த்து, தம் மக்களுக்கும் அது வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டார். ஊரார் பைத்தியம் என்றார்கள். அவர் ஓயவில்லை. அசைக்கு ஓர் எழுத்தாக 86 எழுத்துகளை 1821இல் நிறைவு செய்தார். தம் சிறு மகளுக்குக் கற்றுக்கொடுத்து ஊரை நம்ப வைத்தார். சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கானோர் எழுதப் படிக்கக் கற்றார்கள்.

அச்சகம் அமைக்க செரோக்கி மன்றம் பணம் ஒதுக்கியது. பாஸ்டனில் கப்பலேறிய எழுத்துகளும் அச்சு இயந்திரமும் ஜார்ஜியாவின் அகஸ்டாவுக்கு வந்தன. பிறகு 200 மைல் அளவுக்கு வண்டிப் பயணம். செரோக்கிகளின் தலைநகரான நியூ எக்கோட்டாவில் 1828 பிப்ரவரி 21 அன்று 'செரோக்கி ஃபீனிக்ஸ்' முதல் இதழ் வந்தது. அமெரிக்கப் பூர்வகுடிகள் நடத்திய முதல் செய்தித்தாள் அதுதான். ஆசிரியர் எலியாஸ் பூடினாட். செரோக்கி நாட்டின் சட்டங்களும் நிலவுரிமை வாதங்களும் செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் அச்சாயின.

அந்த நிலத்தின் மேல்தான் ஜார்ஜியாவுக்குக் கண். அங்கே தங்கம் கிடைத்ததும் நெருக்கடி முற்றியது. 1830இல் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டம் வந்தது. 1834 மே மாதத்தோடு இதழ் நின்றது. மறு ஆண்டு ஜார்ஜியா காவற்படை அச்சகத்தையே பறித்துக்கொண்டது. 1838-39இல் ராணுவத்தின் பிடியில் மக்கள் மேற்கே விரட்டப்பட்டார்கள். அந்தக் 'கண்ணீர்த் தடத்தில்' போன ஏறத்தாழ 16,000 பேரில் 4,000 பேர் வரை மாண்டதாகக் கணக்கு.

பிழைத்தவர்கள் போய்ச் சேர்ந்தது இன்றைய ஓக்லஹோமா. அங்கே டாலக்வாவில் 1844இல் 'செரோக்கி அட்வகேட்' இதழைத் தொடங்கினார்கள்; மறுபடியும் செரோக்கி எழுத்துகள் அச்சேறின. 1954இல் நியூ எக்கோட்டாவை அகழ்ந்தபோது பழைய ஃபீனிக்ஸின் ஈய எழுத்துகள் மண்ணிலிருந்து கிடைத்தன. 1999இல் செரோக்கி எழுத்துகள் யூனிகோடில் இடம்பெற்றன. 2010இல் ஐபோனுக்கும் வந்தன.

தன் எழுத்தைத் தானே ஆக்கி, தன் பணத்திலேயே அச்சேற்றிய இனம் இது. நிலத்தையும் அச்சகத்தையும் பறித்தவர்களுக்கு அந்த எழுத்தறிவு மட்டும் எட்டவே இல்லை.