தறியும் வண்ணமும்: பார்பரா சன்சோனியின் பணியும் வாவிக்கரை நெசவும்

மட்டக்களப்பு வாவியின் தென்முனையை அடுத்துள்ள மருதமுனை, இலங்கையின் கைத்தறி வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். சாரமும் சேலையும் அங்கு தலைமுறை தலைமுறையாக நெய்யப்பட்டு வருகின்றன. எனினும் நெசவினை வயிற்றுப்பாட்டுக்கான தொழிலாக மட்டுமே நோக்கும் மரபு எம்மிடையே வேரூன்றியுள்ளது. அதனை வடிவமைப்புக் கலையாகவும் நோக்குதல் வேண்டும் என்பதற்குப் பார்பரா சன்சோனியின் (1928–2022) பணி தக்க சான்றாகும்.

கண்டியிற் பிறந்து, இலண்டனில் ஓவியம் பயின்ற இப்பறங்கியப் பெண்மணி, 1950களின் பிற்பகுதியில் நல்லாயன் கன்னியரின் நெசவுக்கூடங்களுக்கு மாதிரி வரைந்துதவ அழைக்கப்பட்டார். வறிய பெண்கள் தொழில் கற்ற கூடங்கள் அவை. அப்பணியின் தொடர்ச்சியாகவே 1964ஆம் ஆண்டு கொழும்பில் 'பெயார்ஃபுட்' நிறுவனம் தோன்றியது.

அவர் கையாண்ட நெசவு பெரும்பாலும் எளியதே. பாவிலும் ஊடையிலும் எந்நிறத்தின் அருகே எந்நிறம் நிற்பது என்பதிலேயே அவரது புதுமை தங்கியிருந்தது. இந்நாட்டின் இயற்கையிலிருந்து பெற்ற வண்ணங்கள் திரைச்சீலையாகவும் மெத்தையுறையாகவும் வீட்டினுள் இடம்பெற்றன. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் இறுதியில் அமைத்த பெந்தோட்டை கடற்கரை விடுதியில் சன்சோனியின் கைத்தறித் துணியும், எனா டி சில்வாவின் (1922–2015) பத்திக் விதானமும் கட்டடத்தின் பிரிக்கவியலாக் கூறுகளாயின.

இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் உள்நாட்டுக் கைத்தறிக்குச் சந்தை உறுதியாயிருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவான ஆலைத்துணி பெருகிச் சிறு நெசவாளரைத் தாக்கியது. பின்னர் போரும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் மருதமுனையை வதைத்தன. விலையால் மட்டும் போட்டியிட்ட துணி வீழ்ந்தது. வடிவமைப்பால் தனித்து நின்ற துணி நிலைத்தது என நாம் கருதுகிறோம். மூலதனமும் நகரத்து வாடிக்கையாளரும் ஆங்கிலக் கல்வியும் பெயார்ஃபுட்டுக்குத் துணைநின்றமையும் மறுத்தற்கில்லை. வாவிக்கரை நெசவாளனுக்கு இவை வாய்த்தில.

வடிவமைத்தவரின் பெயர் நூல்களில் நிலைத்திருக்க, நெய்தவரின் பெயர் துணியோடு மறைந்துபோகிறது. சன்சோனியின் சிறப்பை இது குறைப்பதன்று. எமது கடமையையே சுட்டுகிறது. மருதமுனையின் மூத்த நெசவாளரிடம் எஞ்சியுள்ள கோட்டு, கட்ட மாதிரிகளை, நெய்தவர் பெயரோடு பதிந்து பேணுதல் வேண்டும். வடிவமைப்பின் உரிமை தறியில் அமர்ந்திருப்பவனையும் சேரும்போதே இந்நாட்டு நெசவுக்கலையின் வரலாறு முழுமை பெறும்.