மழலையர் தமிழ் வாசிப்பு

மழலையர் தமிழ் வாசிப்பு என்பது ஏறத்தாழ 3 முதல் 6 வயதுக்குள் குழந்தை தமிழ் எழுத்தை ஒலியோடும் பொருளோடும் சேர்த்து அறியத் தொடங்கும் பருவம். எழுத்து அட்டைகளுக்கு வெகு முன்பே, கதை கேட்கும் மடியில் இது தொடங்கிவிடுகிறது. புத்தகத்தை நேராகப் பிடிப்பது, பக்கம் புரட்டுவது, கதை இருப்பது எழுத்துகளில்தான் என்று உணர்வது ஆகியவையும் வாசிப்பின் பகுதிகளே என்று நியூசிலாந்து ஆய்வாளர் மேரி கிளே 1966-இல் தம் ஆய்வேட்டில் காட்டினார். அடுத்து, தன் பெயரையும் பழகிய பிஸ்கட் உறையையும் குழந்தை முழு உருவமாக அடையாளம் காண்கிறது. தனித்தனி எழுத்தைப் பிரித்தறிவது அதன் பிறகே.

தமிழில் இந்தப் பிரிப்பு எளிது. கைதட்டிச் சொன்னால் 'ப-ழ-ம்' என்று காதில் விழும் துண்டுகளே பெரும்பாலும் எழுத்துகளாகவும் நிற்கின்றன. 247 எழுத்துகள் என்ற எண்ணிக்கை பெற்றோரை மிரட்டலாம். ஆனால் கால், கொம்பு, விசிறி போன்ற குறிகள் திரும்பத் திரும்ப வருவதால் அத்தனையையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சிக்கல் சில இடங்களில்தான். 'கெ', 'கை' ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. கு, சு, து, நு ஆகியவை ஒரே அச்சில் அமையவில்லை. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னை, லை போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கியது. உகர, ஊகார வரிசைகளைத் தொடவில்லை. 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிப்பதைச் சொற்களின் வழியேதான் பழக முடியும்.

இவற்றைவிடப் பெரிய தடை பேச்சுக்கும் ஏட்டுக்கும் உள்ள தொலைவு. வீட்டில் "அவங்க வந்தாங்க" என்று கேட்ட குழந்தை, புத்தகத்தில் "அவர்கள் வந்தார்கள்" என்பதைச் சந்திக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரிந்தும் பொருள் பிடிபடாமல் நிற்பது இதனால்தான். பெற்றோர் நாள்தோறும் புத்தகத்தில் உள்ளபடியே உரக்க வாசித்து, பிறகு அதே கதையைப் பேச்சுத் தமிழில் பேசினால் இரண்டு வடிவங்களும் குழந்தைக்குச் சொந்தமாகின்றன. வீட்டார் செய்யக்கூடியவற்றுள் முதன்மையானது இதுவே.

வாசிக்கும் முறையும் முக்கியம். அமெரிக்க உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் படக்கதையை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டு, குழந்தையின் பதிலை விரித்துச் சொன்ன பெற்றோரின் பிள்ளைகள் பேச்சுத்திறனில் முந்தினர். "நாய் எங்கே?" என்பதைவிட "நாய் ஏன் ஓடுது?" என்று கேட்பது மேல். "பயந்து" என்று பதில் வந்தால், "ஆமா, இடிச் சத்தம் கேட்டுப் பயந்து ஓடுது" என்று நீட்டிச் சொல்லலாம். சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டு, கடைப் பலகைகளைக் காட்டி வாசிப்பது ஆகியவையும் உதவும்.

விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுத வைப்பது இனிய தொடக்கம். அதற்கு மறுநாளே மூன்று வயதுக் குழந்தையைப் பக்கம் பக்கமாக எழுதச் செய்வது தவறு. விரல்கள் அதற்கு இன்னும் உறுதிப்பட்டிருக்காது. எழுத்தைத் திருப்பிப் போடுவதும், ழகரம் நாவில் வராததும் இந்த வயதில் இயல்பு. பேச்சே மிகத் தாமதமாக வந்தாலோ, ஒலி வேறுபாடுகள் பிடிபடவில்லை என்றாலோ முதலில் செவித்திறனைப் பரிசோதிக்க வேண்டும்.